பத்தொன்பதுக்கும் எழுபத்தெட்டுக்கும் நடுவே

1

இந்தக் கதை நான் எழுதிய ஓர் அறிக்கையிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. மூன்று வருடங்களுக்கு முன்பு, பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில், அதிபரின் மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு நிமிடத்தில் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "கணித ஆசிரியை வழங்கியுள்ள கணிப்பீட்டுப் புள்ளிகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை, அவை மீளாய்வு செய்யப்பட வேண்டும்."

நான் ஆசிரிய ஆலோசகர். பாடசாலை பாடசாலையாகப் போய், கணிதம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது, பிள்ளைகளுக்கு எப்படிப் புள்ளி போடப்படுகிறது என்று பார்ப்பது என் தொழில். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். இதுவரை எழுதியவற்றில் என் தொழில் வந்ததே இல்லை. பதுளைக் கடைவீதியில் அப்பா நடத்திய இரும்புக்கடை வந்திருக்கிறது, அப்புத்தளை ரயில் வந்திருக்கிறது. புள்ளிப் பதிவேடு வந்ததில்லை. அறிக்கை எழுதும் கை வேறு, கதை எழுதும் கை வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

(கடைசி வாக்கியம் அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் எழுதியது என் வலது கைதான். அடிக்க மனம் வரவில்லை, கிடக்கட்டும்.)

2

மூன்று முறை தொடங்கினேன். முதல் தொடக்கம்:

"மூடுபனி விலகாத மலைச்சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே தனித்து நின்ற அந்தச் சிறிய பாடசாலை"

நிறுத்திவிட்டேன். அன்று மூடுபனி இல்லை. பதினொரு மணி வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. பாடசாலை தனித்தும் நிற்கவில்லை. ஒரு பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயம், மறுபக்கம் கோயில், எதிரே கடை. எனக்கு ஒன்றே முக்காலுக்கு பஸ். அதை விட்டால் அடுத்தது நாலரைக்கு. உண்மையில் கதை தொடங்க வேண்டியது அந்த பஸ் நேரத்திலிருந்துதான்.

இரண்டாவது தொடக்கம்:

"துவாரகா ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள். அவளுடைய கண்களில் இனம்புரியாத ஒரு"

இதுவும் பொய். அவளுடைய கண்களை நான் பார்க்கவே இல்லை. அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை, நடந்ததை நடந்தபடி எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

3

ஒன்பதாம் தரத்தில் இருபத்தேழு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வகைப் புள்ளிகள். ஒன்று, கல்வி வலயம் முழுவதற்கும் பொதுவாக அச்சடித்து வரும் தவணைப் பரீட்சையில் எடுத்தது. மற்றது, தவணை முழுக்கப் பிள்ளையைப் பார்த்துப் படிப்பித்த ஆசிரியை தானே கணித்துப் போடுவது. இரண்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். கூடிப்போனால் கேள்வி கேட்க வேண்டும். அதற்குத்தான் என்னை அனுப்புகிறார்கள்.

பட்டியலில் ஒரே ஒரு வரி என்னை நிறுத்தியது. துவாரகா: தவணைப் பரீட்சை 19, ஆசிரியையின் கணிப்பீடு 78.

ஆசிரியையின் பெயர் விஜயலெட்சுமி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அதே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே படிப்பிக்க வந்தவர். கதிரையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், இந்த எழுபத்தெட்டு எப்படி வந்துச்சு?"

"அந்தப் பிள்ளைக்குத் தெரியும் சார்."

"தெரிஞ்சா பேப்பர்ல ஏன் பத்தொன்பது?"

அவர் அதிபரைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார்.

"நான் வாயால கேட்டுப் பாத்துத்தான் போட்டேன் சார்."

"வாயால கேட்டதுக்கு ரெக்கோட் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

பிள்ளையின் கொப்பியைக் கேட்டேன். அப்படி ஒரு கையெழுத்தை அந்த வகுப்பில் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. கரும்பலகையில் இருந்தது ஓர் எழுத்துப் பிசகாமல் கொப்பியில் இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை போலத்தான் தெரிந்தது. அப்படியானால் பரீட்சையில் சோம்பல்பட்டிருக்க வேண்டும், அல்லது டீச்சர் செல்லம் கொடுத்துப் புள்ளி போட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றிய விளக்கங்கள் இவை இரண்டுதான்.

"பிள்ளையக் கூப்பிடுங்க."

மெலிந்த, உயரமான பிள்ளை. வந்து மேசைக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். தவணைப் பரீட்சை வினாத்தாளை அவள் கையில் கொடுத்து, ஐந்தாம் கேள்வியில் பேனாவை வைத்தேன்.

"இத வாசிச்சிட்டு, எப்படிச் செய்வேன்னு சொல்லும்மா. எழுத வேணாம். வாயாலயே சொல்லு."

எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் அல்லவா. இதைவிட ஒரு பிள்ளைக்கு என்ன சலுகை கொடுக்க முடியும்?

அவள் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பயப்படாதே என்று சொன்னேன். விஜயலெட்சுமி டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சொல்லிக் குடுக்க வேணாம் டீச்சர்" என்றேன். அவளுடைய கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது.

[கடைசி வாக்கியத்தைத் துவாரகா பிறகு அடிக்கச் சொன்னாள். "நான் அழவே இல்லைங்க சார், வெயில்ல வேர்த்துச்சு" என்றாள். அடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான் எங்கே கதை கட்டினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அழிக்காமல் விட்டிருக்கிறேன்.]

அவளைப் போகச் சொன்னேன். அறிக்கையை எழுதினேன். பஸ்ஸைப் பிடித்தேன். யன்னலோர இருக்கை கிடைத்தது.

4

நான் பஸ் ஏறிய பிறகு நடந்தவை எனக்கு மூன்று வருடமாகத் தெரியாது. இப்போது தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அந்தப் பாடசாலையில் ஒன்பதாம் தரம் வரைதான் உண்டு. பத்தாம் தரத்துக்குப் பெரிய பாடசாலை ஒன்றுக்குப் போக வேண்டும். அங்கே இடம் குறைவு என்பதால் கணிதத்தில் நாற்பது புள்ளி கேட்டார்கள். இரண்டு புள்ளிகளின் சராசரியைப் பார்த்தால் துவாரகா அதைத் தாண்டியிருப்பாள். என் அறிக்கைக்குப் பிறகு ஆசிரியையின் கணிப்பீட்டை எடுத்துவிட்டுத் தவணைப் பரீட்சையை மட்டும் கணக்கில் எடுத்தார்கள்.

பத்தொன்பது.

விஜயலெட்சுமி டீச்சர் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு பெரிய பாடசாலைக்குப் போயிருக்கிறார். "நீங்களே ஒருக்கா கேட்டுப் பாருங்க சார்" என்று அந்த அதிபரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேசையில் அடுக்கியிருந்த விண்ணப்பங்களைக் காட்டி, "ஒரு பிள்ளைக்குக் கேட்டா எல்லாப் பிள்ளைக்கும் கேக்கணும் டீச்சர். வலயத்துலருந்தே எழுதிக் குடுத்திருக்காங்க, நான் என்ன செய்ய?" என்றாராம்.

வலயத்திலிருந்து எழுதிக் கொடுத்தது நான்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். விஜயலெட்சுமி என்ற பாத்திரத்தை நான் தியாகியாக ஆக்கிக்கொண்டு வருகிறேன். முதல் பிரதியில் அவருக்கு ஒரு நீண்ட வசனம்கூட எழுதியிருந்தேன், பரீட்சை முறையைக் கண்டித்து. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. சட்டென்று கோபம் வரும். பிள்ளைகள் கொப்பி கொண்டுவராவிட்டால் வகுப்பு முழுவதையும் நிற்க வைப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று அவர் ஒரு விஷயத்தை என்னிடம் மறைத்தார். அதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

5

போன மாதம், பதுளையில், பதினோராம் தரத்துப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் இடத்தில் அவரைப் பார்த்தேன். எங்கள் குழுவில் எட்டுப் பேர். நான் பொறுப்பாளர். புள்ளித் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்: விடை பிழையாக இருந்தாலும், போன வழி சரியென்றால் வழிக்குப் புள்ளி கொடுக்க வேண்டும், மொத்தத்தைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, வரி வரியாகப் பார்க்க வேண்டும். வருடாவருடம் சொல்வதுதான்.

தேநீர் இடைவேளையில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னைய ஞாபகமில்லதானே சார்."

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். பாடசாலையின் பெயரைச் சொன்னார். பிறகு இரண்டு எண்களைச் சொன்னார். எண்கள் உடனே ஞாபகம் வந்தன. முகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது சார்."

எனக்கு விளங்கவில்லை. "அவ்வளவு அழகா எழுதியிருந்துச்சே" என்றேன்.

"எழுதல சார். வரைஞ்சிருக்கா. போட்ல இருக்கிறதப் பாத்து, படம் வரையிற மாதிரி. பக்கத்துல இருக்கிற பிள்ளை வாசிக்கிறதக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்குவா. அப்படியே ஒம்பது வருஷம் ஓட்டிட்டா. ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே அந்தத் தவணைதான் தெரிஞ்சுச்சு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"பேப்பரைப் பாத்துத்தான். சொல்லே இல்லாத கணக்கு, வெறும் எண் மட்டும் இருக்கிற கணக்கு அத்தனையும் சரி. ஒரு வரி தமிழ் வந்துட்டா அந்த இடம் காலி. அந்தப் பத்தொன்பதும் எப்படி வந்துச்சுன்னு பாத்தீங்களா சார்?"

பார்க்கவில்லை. விடைத்தாள் அன்று என் மேசையில்தான் இருந்தது. மேல் மூலையில் வட்டம் போட்ட எண்ணை மட்டும் பார்த்தேன்.

பாடசாலை விட்ட பிறகு அவளை நிறுத்தி, மிச்சக் கேள்விகளை டீச்சர் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறாள். அப்படி வந்ததுதான் அந்த எழுபத்தெட்டு.

"அன்னைக்கே இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர்."

அவர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா சார். அம்மாகிட்டகூட. நானும் சரின்னுட்டேன். நீங்க அவ கையில பேப்பரைக் குடுத்தப்பயே சொல்லியிருக்கணும். அவ என்னையப் பாத்தா. நான் சொல்லல. அது என் தப்பு. உங்க தப்ப மட்டும் சொல்ல வரல."

கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு கேட்டார்: "சொல்லியிருந்தா என்ன சார் எழுதியிருப்பீங்க?"

நேர்மையான பதில்: 'மாணவிக்கு வாசிப்புத் திறன் இல்லை' என்று எழுதிவிட்டு அதே பஸ்ஸைப் பிடித்திருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அவர் வந்தது ஒரு கடிதத்துக்காக. துவாரகாவுக்கு இப்போது பதினேழு வயது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுத ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் வாசித்துக் காட்ட, கேட்டுப் படிக்கிறாள். பரீட்சையில் கேள்விகளை வாசித்துக் காட்டவும் சொல்வதை எழுதவும் ஒருவரைத் தரும்படி விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் கடிதம் கிடைத்துவிட்டது. பாடசாலையிலிருந்தும் சான்று வேண்டும். பாடசாலையில் அவள் பெயரில் உள்ள கோவையில் இருக்கும் ஒரே தாள் என் அறிக்கை. வாயால் கேட்டுப் போட்ட புள்ளிக்கு ஆதாரம் இல்லை என்று அதில் என் கையொப்பத்தோடு இருக்கிறது.

"அது பிழைன்னு நீங்க எழுதித் தரணும் சார்."

6

எழுதித் தருகிறேன் என்று அங்கேயே சொல்லியிருந்தால் இந்தக் கதையில் நான் நல்லவனாக இருந்திருப்பேன். பார்ப்போம் என்றுதான் சொன்னேன்.

அலுவலகத்தில் என்னோடு இருக்கும் தயாபரனிடம் பேசினேன். "உங்க ரிப்போட்ட நீங்களே பிழைன்னு எழுதினீங்கன்னா, மத்த ரிப்போட்டெல்லாம் என்னாகும்? எல்லா ஸ்கூல்லருந்தும் வந்து நிப்பாங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். பதினொரு வருட அறிக்கைகள். அவற்றில் எத்தனை மூலை எண்கள், எத்தனை பஸ் நேரங்கள் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரோடு தோட்டத்துக்குப் போனேன். பழைய வினாத்தாளைப் பையில் வைத்துக்கொண்டேன்.

துவாரகாவின் தாய் பாக்கியலெட்சுமி கொழுந்து பறிக்கிறவர். வாசலிலேயே நின்று, "வாங்க சார், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். நான் யார் என்று டீச்சர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த அம்மா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் வேறொன்று சொன்னார்.

"நானும் வாசிக்க மாட்டேங்க சார். பொஸ்தகத்தத் தெறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. படிக்கிறான்னு நெனச்சேன். இவ வாசிக்கிறாளா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அந்த ஸ்கூல்ல எடுக்கலன்னதும் மக்குன்னு ஏசினேன். ஒரு வருஷம் ஏசியிருக்கேன். அப்பறம் அவளே வாய் தொறந்து சொன்னாதான் எனக்கு வெளங்குச்சு."

துவாரகா பக்கத்து அறையிலிருந்து வந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். இந்த முறை அவள் கண்களைப் பார்த்தேன். சாதாரணக் கண்கள். என்னைத்தான் நேராகப் பார்த்தன.

நான் வினாத்தாளை எடுத்தேன். கையில் கொடுக்கவில்லை. வாசித்தேன்.

"வினா ஐந்து. ஒரு நீர்த்தாங்கியை ஒரு குழாய் ஆறு மணித்தியாலத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் மூன்று மணித்தியாலத்தில் நிரப்பும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் நிரம்ப எவ்வளவு நேரமாகும்?"

"இன்னொருக்கா வாசிங்க சார்."

வாசித்தேன்.

"ஒரு மணித்தியாலத்துல அது ஆறுல ஒரு பங்கு. இது ஆறுல ரெண்டு பங்கு. சேத்தா மூணு, அதாவது பாதி. அப்ப ரெண்டு மணித்தியாலம்." சற்று நிறுத்தினாள். "ஆனா எங்க லயத்துல ரெண்டு பைப்பையும் ஒண்ணாத் தொறந்தா மேல் பைப்புல தண்ணி வராதுங்க."

டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர நேரமெடுத்தது. மூன்று வருடத்துக்கு முன்பு நான் பேனாவை வைத்த அதே கேள்வி. வாசித்துக் காட்ட எனக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

முழுத்தாளையும் வாசித்தேன். எல்லாம் சரியென்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். எல்லாம் சரியில்லை. கேத்திரகணிதத்தில் ஒன்று பிழை, வட்டிக் கணக்கு ஒன்றில் பாதி வழியில் தடுமாறினாள். நான் போட்டிருந்தால் எழுபத்துநான்கு வந்திருக்கும். டீச்சரிடம் சொன்னேன். "நாலு புள்ளிக்கு உங்களோட சண்டை போட மாட்டேன் சார்" என்றார்.

கடிதத்தை வீட்டுக்கு வந்து எழுதினேன். முதல் வரி இப்படி வந்தது: "மேற்படி அறிக்கை தயாரிக்கப்பட்ட வேளையில் சில விடயங்கள் கவனத்தில் கொள்ளப்பட்டிருக்கவில்லை." அதில் யாரும் இல்லை. தயாரித்தவரும் இல்லை, கவனிக்காதவரும் இல்லை. அடித்தேன். நான்காவது முறை எழுதியது: "கேள்வியை நான் மாணவிக்கு வாசித்துக் காட்டவில்லை. விடைத்தாளையும் திறந்து பார்க்கவில்லை. ஆசிரியை போட்ட புள்ளி சரியான முறையில் போடப்பட்டது. தவறு என்னுடையது." கையொப்பமிட்டு, ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்பினேன். அவர் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்.

7

வாசகரே, கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆகவே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், வாசித்துக் காட்ட ஒருவர் கிடைக்கிறார், துவாரகா கணிதத்தில் திறமைச் சித்தி பெறுகிறாள், தாய் அந்தத் தாளைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைக்கிறார்.

இரண்டாவதில், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவள் பரீட்சை மண்டபத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு

(முடிக்க முடியவில்லை.)

மூன்றாவதில், அவள் பரீட்சையே வேண்டாம் என்று பிள்ளைக்காம்பராவிலேயே நிம்மதியாக இருந்துவிடுகிறாள். இது எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே அதை நம்பவில்லை.

போன ஞாயிறு இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியதை அவள் கேட்காமல் மற்றவர்கள் வாசிப்பது சரியில்லை என்று பட்டது. விஜயலெட்சுமி டீச்சரும் பக்கத்தில் இருந்தார், பெயரை மாற்ற வேண்டாம் என்றார். துவாரகா, தான் அழுததாக எழுதியிருந்ததைத் திருத்தினாள். மூன்று முடிவுகளையும் வாசித்து முடித்தபோதுதான் மறுபடி பேசினாள்.

"நான் பாஸ்னு எழுதிட்டீங்கன்னா, அப்பறம் பெயிலானா எல்லாரும் என்னா நெனைப்பாங்க? பெயில்னு எழுதுனா எனக்குப் படிக்கவே தோணாது. அந்தக் கடைசி இருக்கே, வேணாம்னு போறது, அது நான் இல்லைங்க."

"அப்ப எதப் போடுறது?"

"ஒண்ணும் போடாதீங்க சார். நான் இன்னும் எழுதவே இல்லையே."

பதினொரு வருடமாகப் பிள்ளைகளுக்கு முடிவு எழுதிக் கொடுத்தவன் நான். நீங்களும் இவ்வளவு தூரம் வாசித்ததில் அவளுக்கு ஒரு முடிவு போட்டு வைத்திருப்பீர்கள், மனதுக்குள் ஒரு எண்கூட வட்டமிட்டிருக்கலாம். தயவுசெய்து அதை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கதைத் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன். அவள் டீச்சரின் மடியிலிருந்த கணிதப் புத்தகத்தை எடுத்து, பக்கம் விரித்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"டீச்சர் போன வாரம் பாதியில விட்டுட்டாங்க. மிச்சத்த வாசிங்க சார்."

வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"கொஞ்சம் மெதுவா."